ஆயிரம் ரூபாய் அபராதமும் ஒரு வழக்கறிஞரும்

“ஆயிரம் ரூபாய்தானே, கட்டிட்டுப் போப்பா. இதுக்கெல்லாம் யாராவது வக்கீல் வெப்பாங்களா?”

பெருநகரில் காஞ்சிபுரம் – வந்தவாசி சாலையோரத் தேநீர்க் கடைகளில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறோம். விடியற்காலையில் ஒரகடம், திருப்பெரும்புதூர், செய்யாறு சிப்காட் என்று மூன்று திசைக்கும் நம் பிள்ளைகள் கிளம்புகிறார்கள். சிலர் கம்பெனி வேனில், பலர் தவணையில் வாங்கிய பைக்கில். வேலைக்குப் போன மூன்றாம் மாதம் வண்டி, ஆறாம் மாதம் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி: இன்ன நாளில், இன்ன இடத்தில், அதிவேகம், அபராதம் இவ்வளவு. பையன் அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுகிறான். அவர் சொல்வதுதான் மேலே உள்ள வாசகம்.

வேகமாகப் போனது உண்மையென்றால் நாமும் அதையே சொல்வோம். கட்டிவிடு, இனிமேல் நிதானமாகப் போ. ஆனால் போகவில்லை என்றால் கட்டக் கூடாது. மறுத்து நிற்க வேண்டும், வழக்கறிஞர் வைத்து நிற்க வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அந்த வழக்கறிஞருக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நம் தெருக்களில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது தெரியாது என்பதால்தான் இந்த வாரம் இதைப் பற்றி எழுதுகிறோம்.

ஆயிரம் ரூபாய் என்பது நம் வீடுகளில் எவ்வளவு? நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26இல் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். அம்மா மூன்று நாள் வெயிலில் மண் வெட்டினால் மகனின் ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவுப்படி இலகுரக வாகனத்துக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், நடுத்தர மற்றும் கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 ரூபாய். 2019 திருத்தத்துக்குப் பிறகு வந்த தொகைகள் இவை.

பணம் போவதோடு முடிந்தால் நாமும் இவ்வளவு மெனக்கெட மாட்டோம். கட்டிய ரசீது, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கான பதிவாகவும் இருக்கிறது. அதே பிரிவில் இரண்டாம் முறை சிக்கினால் ஓட்டுநர் உரிமத்தையே எடுத்துவைக்கலாம். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015இல் மாநிலங்களுக்கு அனுப்பிய அறிவுறுத்தலில், அதிவேகத்துக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை நிறுத்திவைக்கச் சொல்லியிருக்கிறது. பைக்கில் வேலைக்குப் போகிறவர் மூன்று மாதம் பேருந்தில் போய்க்கொள்ளலாம். வேன் ஓட்டுகிறவர், லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கால் டாக்ஸி ஓட்டுகிறவர் என்ன செய்வார்? நிலம் இல்லாத குடும்பத்தில் அந்த உரிமம்தான் நிலம்.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது. சாலையில் நிறுத்தி வழக்குப் போடும்போது எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்பதை நம் பிள்ளைகள் கேட்பதே இல்லை. 183 என்றால் வெறும் அபராதம். 184 என்றால் அபாயகரமாக ஓட்டுதல், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 281 என்றால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279, அது கிரிமினல் வழக்கு. “பெட்டி கேஸ்தான், கோர்ட்டுல ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டு வந்துடு” என்று யாரோ சொல்ல, பையன் கூண்டில் ஏறித் தலையாட்டிவிட்டு வருகிறான். இரண்டு வருடம் கழித்துக் காவலர் தேர்வில் எழுத்துத் தேர்வும் ஓட்டமும் கயிறு ஏறுதலும் முடித்து, முன்வரலாறு விசாரணையில் அந்தத் தலையாட்டல் வந்து நிற்கிறது. சீருடைப் பணிக்காக விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடிப் பயிற்சி எடுக்கும் பிள்ளைகள் நம் தெருக்களில்தான் அதிகம். அவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றுதான்: எந்தத் தாளிலும் பிரிவு எண்ணைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே. வெற்றுத் தாளில் போடவே போடாதே.

இனி, வேகத்தை எப்படி நிரூபிக்க வேண்டும் என்று பார்ப்போம். நம் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். 183ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவு இருக்கிறதே, அதைப் படித்தபோது எங்களுக்கே வியப்பாக இருந்தது. ‘இவர் வரம்புக்கு மீறிய வேகத்தில் வந்தார் என்று எனக்குத் தோன்றியது’ என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்து எவரையும் தண்டிக்க முடியாது. இயந்திரக் கருவியோ மின்னணுக் கருவியோ கொண்டு அளந்ததன் அடிப்படையில் அந்தக் கருத்து அமைந்திருக்க வேண்டும் என்கிறது சட்டம். சாலையோரம் நிற்கும் காவலர் கண்ணால் பார்த்து ‘எண்பதில் வந்தான்’ என்று மட்டும் சொன்னால் போதாது. அளவு எங்கே, கருவி எங்கே என்று கேட்க இடமிருக்கிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கேமரா பிடித்திருந்தால்? அதற்கும் விதி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ என்று ஒன்றைச் சேர்த்தார்கள். கேமராவோ வேகமானியோ, கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கே கண்காணிப்பு இருக்கிறது என்று வாகன ஓட்டிகளுக்குத் தெரியும்படி எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். அனுப்பும் சலானில் வண்டி எண் தெரியும் படம், கருவி அளந்த வேகம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப் பிரிவு எல்லாம் இருக்க வேண்டும். மின்னணுச் சாட்சியம் என்பதால் அதற்கான சான்றிதழும் வேண்டும். சாட்சியச் சட்டத்தில் 65பி என்று சொல்லிவந்தது, புதிய சட்டத்தில் 63ஆவது பிரிவாகியிருக்கிறது. குற்றம் நடந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் பதிவை அழிக்கக் கூடாது.

பதினாறாம் நாள் நோட்டீஸ் வந்தால் வழக்கு தானாகச் செத்துவிடும் என்று யாரும் துள்ள வேண்டாம். அது நீதிபதி முன் எழுப்ப வேண்டிய வாதம். எழுப்பினால் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். ஆனால் எழுப்பாத வாதத்தை எந்த நீதிபதியும் தானாக எடுத்துத் தர மாட்டார். நோட்டீஸில் மறுப்பதற்கான கெடு நாள் போட்டிருந்தால் அதைத் தாண்ட விடக் கூடாது.

நம் பகுதி இளைஞர் ஒருவரின் கதை இது. பெயர் போட வேண்டாம் என்றார். காலை ஆறு மணி ஷிப்ட்டுக்குத் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். நான்கேகாலுக்கு வண்டியை எடுத்தால் ஏழு ஊர்களில் நின்று ஆள் ஏற்றி, ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும் என்பது காண்ட்ராக்டர் உத்தரவு. ஐந்து நிமிடம் தாமதமானால் அன்றைய வாடகையில் பிடித்தம். ஒரு ஊரில் ஒரு அக்கா செருப்பைத் தேடிக்கொண்டு இரண்டு நிமிடம் தாமதித்தால் அந்த இரண்டு நிமிடத்தைச் சாலையில்தான் மீட்க வேண்டும். இவருக்கு இரண்டு முறை அபராதம் வந்தது. இரண்டையும் படிக்காமலே கட்டினார். காண்ட்ராக்டர் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார். மூன்றாவது நோட்டீஸ் வந்தபோதுதான் நம்மிடம் வந்தார். அதுவும் அபராதத்துக்காக வரவில்லை. “லைசென்ஸ் போயிடும்னு சொல்றாங்கண்ணா” என்று வந்தார்.

நோட்டீஸை உட்கார்ந்து படித்தோம். சம்பவம் நடந்ததாகச் சொன்ன நாளுக்கும் நோட்டீஸ் வந்த நாளுக்கும் நாற்பது நாள் இடைவெளி. படத்தில் எண் பலகை தெரிந்தது. வேகம் எவ்வளவு என்ற அளவு எங்கும் இல்லை. அந்த நாளில் அந்த நேரத்தில் வேன் ஒரு நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்ததாக அவர் சொன்னார். ஏறிய தொழிலாளர்களில் மூன்று பேர் அதைச் சொல்லத் தயாராக இருந்தார்கள்.

இந்த இடத்தில் 183ஆவது பிரிவை மேலும் கொஞ்சம் படித்துக்காட்டுவது அவசியம். ஓட்டுநரை வேக வரம்பை மீறி ஓட்ட வைக்கும் முதலாளியும் தண்டனைக்கு உரியவர் என்கிறது அதன் 2ஆவது உட்பிரிவு. 4ஆவது உட்பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று ஒருவர் கால அட்டவணை போட்டோ உத்தரவிட்டோ இருந்து, வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர நடைமுறையில் முடியாது என்று நீதிமன்றம் கருதினால், அந்த அட்டவணையே உத்தரவிட்டவர் மீதான முதல் நோக்குச் சாட்சியம். சட்டம் 1988இல் வந்தது. காண்ட்ராக்டர்கள் யாரும் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. பத்து நிமிடத்தில் சோறு கொண்டுவரச் சொல்லும் நகரத்துச் செயலிகளும்தான். வேகத்தின் லாபம் ஒருவருக்குப் போகிறது, அபராதம் இன்னொருவர் சம்பளத்தில் பிடிக்கப்படுகிறது. ஸ்டியரிங் பிடித்திருக்கும் கை பெரும்பாலும் யாருடையது என்பதை இந்தப் பத்தியின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, வழக்கறிஞருக்கு எங்கே போவது? 1976இல் 42ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் 39ஏ என்ற உறுப்பு சேர்ந்தது. பொருளாதாரம் உள்ளிட்ட காரணங்களால் எவருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, இலவச சட்ட உதவி தர வேண்டும் என்றது. அதைச் செயல்படுத்த வந்தது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம். நடைமுறைக்கு வந்தது 1995 நவம்பர் 9இல். அதன் 12ஆவது பிரிவில் யார் யாருக்கு இலவச வழக்கறிஞர் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முதல் வரியிலேயே பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. எந்தச் சமூகத்துப் பெண்ணாக இருந்தாலும் சரி, கூலிக்காரராக இருந்தாலும் அரசு ஊழியராக இருந்தாலும் சரி. ‘எங்கிட்ட சொந்த வீடு இருக்கு, எனக்குத் தர மாட்டாங்க’ என்று ஒதுங்குகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

உத்திரமேரூர் நீதிமன்றத்தில் வட்ட சட்டப் பணிகள் குழு, காஞ்சிபுரத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம், அங்கேயே எழுதிக்கொள்வார்கள். சாதிச் சான்றிதழ் நகல், ஆதார் நகல், நோட்டீஸ் அல்லது சம்மன் நகல். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். நியமிக்கப்படும் வழக்கறிஞருக்கான கட்டணத்தை அந்தக் குழுவே தருகிறது. நம்மிடம் அவர் பணம் வாங்கக் கூடாது. ‘டைப்பிங் செலவு’, ‘குமாஸ்தாவுக்கு’ என்று கேட்டால் குழுவின் தலைவராக இருக்கும் நீதிபதியிடம் எழுதிக் கொடுக்கலாம். வேறு வழக்கறிஞரைக் கேட்கலாம்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. இலவச வழக்கறிஞர் என்றாலே ஏனோதானோ என்ற நினைப்பு பலருக்கு. சிலர் விஷயத்தில் அந்த நினைப்பு சரியாகவும் இருக்கிறது. வாய்தா தேதியை நாம் நினைவூட்ட வேண்டியிருக்கும். ஆனால் அக்கறையோடு பேசி, கட்டை அவிழ்த்துக் கடைசிக் காகிதம்வரை படிக்கும் இளம் வழக்கறிஞர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அவர்களில் கணிசமானோர் நம் தெருக்களிலிருந்து முதல் தலைமுறையாகச் சட்டம் படித்துப் போனவர்கள்.

கூலி போகுமே என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. இங்கேயும் ஒரு வழி இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 208ஆவது பிரிவின்படி, அபராதம் மட்டுமே உள்ள சிறு குற்றங்களில் சம்மன் அனுப்பும்போது, நேரிலோ வழக்கறிஞர் மூலமோ ஆஜராகலாம் என்று அதிலேயே குறிப்பிட வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஷிப்ட்டை விட்டுவிட்டு நீதிமன்ற வராந்தாவில் நிற்க வேண்டியதில்லை. சாட்சி சொல்லும் நாளில் போனால் போதும்.

சில சின்ன விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம். வேகமாக வந்தாய் என்பதற்காக மட்டும் வண்டியைப் பிடித்துவைக்க 207ஆவது பிரிவில் இடமில்லை. உரிமம், பதிவு, பர்மிட் போன்றவை இல்லாதபோதுதான் அது பொருந்தும். உரிமத்தை வாங்கிக்கொண்டால் அதற்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அதைக் காட்டி வண்டி ஓட்டலாம். டிஜிலாக்கரில் இருக்கும் உரிமமும் ஆர்சியும் செல்லும். ரசீது தராமல் வாங்கும் பணத்துக்கு அபராதம் என்று பெயரில்லை. உரிமத்தை ரத்து செய்வதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் நம் தரப்பைக் கேட்க வேண்டும். உத்தரவு வந்தபின் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பழைய பைக் வாங்கியவர்கள் தயவுசெய்து பெயர் மாற்றம் செய்துகொள்ளுங்கள். விற்றவர் வீட்டுக்கு நோட்டீஸ் போய், அவர் இரண்டு தெரு தள்ளி வந்து சண்டை போடுவது நம்மூரில் வழக்கமாகிவிட்டது.

இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்பவர்கள் இருப்பார்கள். சோதனையில் நிறுத்தப்படும் இரண்டு இளைஞர்களிடம் கேட்கப்படும் கேள்விகளைக் கவனித்தால் போதும். ‘எந்த ஊர்?’ என்பது இருவருக்கும் பொது. ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்ற அடுத்த கேள்வி, வண்டியில் நீல நிற ஸ்டிக்கரோ அம்பேத்கர் படமோ இருப்பவருக்குக் கூடுதலாக வருகிறது. எல்லாக் காவலர்களும் அப்படி இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரு தலித் இளைஞரை நாம் இன்னும் சந்திக்கவில்லை. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல் வெட்டினார்கள் என்று குடும்பத்தார் புகார் கொடுத்தார்கள். வண்டியில் நாம் உட்காரும் விதமே சிலர் கண்ணுக்கு வேகமாகத் தெரிகிறது.

சாலைக்கும் நமக்கும் பழைய கணக்கு உண்டு. இங்கிருந்து அதிகத் தூரமில்லாத கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924இல் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த வகுப்பினரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கத் தடையில்லை என்பது அதன் சாரம். நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்தது. 1929இல் மராட்டியத்தின் சாலிஸ்கானில் அம்பேத்கரை ஏற்றிச்செல்லக் குதிரை வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார்; பாலத்தில் வண்டி கவிழ்ந்து அண்ணலின் கால் முறிந்தது. அவரும் வழக்கறிஞர்தான்.

சோதனையின்போது சாதியைச் சொல்லித் திட்டினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வரும் தனிக் குற்றம். பட்டியல் சமூகத்தவர் மீது பொய்யாக, கெட்ட எண்ணத்தோடு வழக்குப் போடுவதும் அதே சட்டத்தின் 3ஆவது பிரிவில் குற்றம்தான். ஆனால் எல்லா வேக வழக்கையும் அந்தக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டாம் என்பது நம் கருத்து. நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்.

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறார்கள். சொந்த மனையில் வீடும், வரி கட்டும் கால் வேலி நிலத்துக்கு மேலும், வேதப் படிப்பும் உள்ளவர்களின் பெயர்தான் அந்தக் குடத்தில் விழுந்தது என்பதை மட்டும் மெல்ல விட்டுவிடுகிறார்கள். அதே ஊர் நீதிமன்றத்தில் இன்று, நிலமும் இல்லாத வேதமும் படிக்காத ஒருவர் தன் பெயரை எழுதிக் கொடுத்து அரசுச் செலவில் ஒரு வழக்கறிஞரைக் கேட்கலாம். சுற்றுலாவுக்குக் கல்வெட்டைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த அறையையும் ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

வேகத்துக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இந்தச் சாலைகளில் நாம் தூக்கிய பிணங்களில் பாதிக்கு மேல் இருபத்தைந்து வயது தாண்டாதவை. ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் வேக வரம்பை உயர்த்தி வெளியிட்ட அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. அரசுப் பேருந்து மோதியதில் முடங்கிப்போன ஒரு பல் மருத்துவரின் இழப்பீட்டு வழக்கில் வந்த தீர்ப்பு அது. தைப்பூசத்துக்குச் செய்யாற்றில் சாமிகள் கூடும் நாளில், தலைக்கவசம் இல்லாமல் மூன்று பேராக ஒரே வண்டியில் பறக்கும் நம் பிள்ளைகளை நாமே நிறுத்தித் திட்டியிருக்கிறோம்.

வேன் ஓட்டும் அந்தத் தம்பியின் வழக்கு இன்னும் முடியவில்லை. மனுக் கொடுத்த அடுத்த வாரம் வழக்கறிஞர் கிடைத்தார், ஒரு பெண். முதல் நாளே கருவியின் அங்கீகாரச் சான்றையும் வேக அளவையும் கேட்டு மனுப் போட்டார். அடுத்த வாய்தா வரும் மாதம். இதற்குள் காண்ட்ராக்டரிடம் 183ஆவது பிரிவின் 4ஆவது உட்பிரிவைத் தமிழில் எழுதிக் கொடுத்தோம். ஏழு நிறுத்தங்களில் இரண்டை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார். வாயால்தான் சொன்னார், எழுத்தில் கேட்டிருக்கிறோம்.